தோண்டியவர் பெயர் இருக்கிறது, படம் எடுத்தவர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த அமராவதி ஸ்தூபி (ஆந்திராவில் உள்ள பழைய பௌத்த நினைவுச் சின்னம்) கட்டுரை நன்றாக இருந்தது. வால்டர் எலியட் 1845-ல் தோண்டி, சிற்பக் கற்களை மதராஸுக்கு அனுப்பிய கதையைக் கட்டுரையாளர் விரிவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் கூடவே அச்சிட்ட பழைய படங்களுக்குக் கீழே 'கோப்புப் படம்' என்று மட்டும் இருந்தது. வண்ணாரப்பேட்டையில் ஸ்டுடியோ நடத்தியவன் நான். உறுத்தாமல் இருக்குமா?

அந்தக் கற்களை 1858-ல் மதராஸ் மியூசியத்தில் படம் எடுத்தவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். மாகாண அரசின் போட்டோகிராஃபர். ஃபிலிம் ஏது அப்போது? லென்ஸை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். கல் அசையாது, அது ஒன்றுதான் வசதி. (கல்யாண வீட்டில் குழந்தைகளைப் படம் எடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.) மறு ஆண்டே கற்களில் பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டது. துறைமுகம் கட்டாத காலம், மசூலா என்ற கயிற்றால் தைத்த படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலுக்கே போகவேண்டும்.

எலியட் தொல்லியல் படித்தவர் அல்ல, கம்பெனி உத்தியோகஸ்தர். 1863-ல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் நிலவியல்காரர்தான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. குறிக்காமல் தோண்டுவதுதான் குறை. 1880-ல் கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனின் உத்தரவில் ஸ்தூபி மேட்டையே வாரி எடுத்தார்கள். எந்தக் கல் எங்கே கிடந்தது என்று சரியான பதிவு இல்லை. மறு ஆண்டு தொல்லியல் ஆய்வாளர் ஜேம்ஸ் பர்ஜஸ் போய்ப் பார்த்தபோது பெரிய பள்ளம்தான் இருந்தது. கட்டுரையாளர் இதை ஒரே வரியில் தாண்டிவிட்டார்.

அதற்கும் முன்னால், 1816-ல் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி ஆட்களை வைத்து அந்தச் சிற்பங்களை வரைய வைத்தார். சுண்ணாம்புக் கல் என்பதால் ஊரார் பலவற்றைக் காளவாயில் போட்டு எரித்துவிட்டார்கள். வரைந்த கற்களில் சில இன்று எங்குமே இல்லை, படம் மட்டும்தான் மிச்சம்.

ஆகவே பழைய படம் போடும்போது யார், எப்போது, எங்கே எடுத்தது என்று ஒரு வரி சேருங்கள். அப்புறம், கீழடிப் படங்களை நீங்கள் வெட்டிப் போடுவதில் பக்கத்தில் வைத்த அளவுகோல் காணாமல் போய்விடுகிறது. கிடைத்தது சின்னச் சிமிழா, பெரிய சாலா என்றே புரிவதில்லை. அளவுகோலையும் விட்டுவைத்து, எடுத்த உங்கள் புகைப்படக்காரரின் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஸ்டுடியோக்காரர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21