114 ரஃபேல்: ஒப்பந்தப் பேச்சுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒப்பந்தப் பேச்சுக் குழுவினருக்கு,

வணக்கம்.

விமானப்படைக்கு பிரான்சின் டஸ்ஸோ நிறுவனத்திடமிருந்து 114 ரஃபேல் போர் விமானங்களை, அவற்றில் பெரும்பகுதியை இந்தியாவிலேயே கட்டி, வாங்கும் திட்டம் குறித்து எழுதுகிறோம். வாங்கலாமா கூடாதா என்பதில் அதிக நேரம் செலவிடப் போவதில்லை. நம் விமானப்படையில் 42 ஸ்குவாட்ரன்கள் (ஒவ்வொன்றும் ஏறக்குறைய 18 போர் விமானங்கள் கொண்ட பிரிவு) இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்றபோது மிஞ்சியது 29. உள்நாட்டுத் தேஜஸ் போதாதா என்று கேட்பவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு 2021இல் ஒப்பந்தம் போட்டோம். அவற்றுக்காக அதே ஆண்டு கேட்ட 99 அமெரிக்க எஃப்-404 என்ஜின்களில் முதலாவது கைக்கு வந்தது 2025 மார்ச்சில்தான். அம்பாலா, ஹாசிமாரா விமானத் தளங்களில் 36 ரஃபேல்கள் ஏற்கெனவே இருப்பதால், இன்னொரு புது ரகத்தைச் சேர்ப்பதைவிட இதே ரகத்தை வாங்குவது புத்திசாலித்தனம். எங்கள் கவலையெல்லாம் ஒப்பந்தத்தின் சரத்துகளைப் பற்றியது.

அந்த 36 ரஃபேல்களை வாங்கியது பற்றி 2018, 2019இல் நாடே ஒரு விமானம் எத்தனை கோடி என்று சண்டை போட்டது. வாங்கிய விமானத்தில் எத்தனை ஒரு நாளில் பறக்கும் என்று கேட்டவர்கள் குறைவு. அவற்றுக்கான 2016 ஒப்பந்தத்தில் 75 சதவீத விமானங்கள் எப்போதும் தயார்நிலையில் இருக்கும் என்ற உறுதி இருந்தது. அது முதல் 5 ஆண்டுகளுக்கு மட்டும். ரஷ்ய வடிவமைப்பான சுகோய்-30 போர் விமானத்தின் கதை எல்லாருக்கும் தெரியும்: தணிக்கைத் துறையின் 2015 அறிக்கைப்படி தயார்நிலை 55 முதல் 60 சதவீதம். உதிரிபாகம் வரத் தாமதம், நாசிக்கில் பழுதுபார்ப்பு வசதி அமையத் தாமதம். 114 விமானங்களில் 75 சதவீதம் என்றால் 85. 60 சதவீதம் என்றால் 68. வித்தியாசம் 17, கிட்டத்தட்ட ஒரு முழு ஸ்குவாட்ரன். காசு கொடுத்து வாங்கி, கொட்டகையில் நிறுத்திவைக்கும் ஸ்குவாட்ரன்.

ஆகவே தயார்நிலை என்றால் என்ன என்பதை ஒப்பந்தமே வரையறுக்கட்டும். பெரிய பராமரிப்புக்குப் போன விமானம் கணக்கில் உண்டா? ஒன்றிலிருந்து பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டிப் பறக்கவிட்டால், அது தயார்நிலையா? இந்த வழக்கத்தைக் கணக்கில் அனுமதித்தால் எந்த நிறுவனமும் காகிதத்தில் 75ஐக் காட்டிவிடும். கழற்றி மாட்டிய ஒவ்வொரு பாகத்துக்கும் அபராதம் இருக்க வேண்டும். உறுதியும் 5 ஆண்டோடு நில்லாமல், விமானத்தின் ஆயுள் முழுக்கப் புதுப்பிக்கத்தக்கதாக, விலை சூத்திரத்துடன் இப்போதே எழுதப்பட வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு பேரம் பேச நம் கையில் எதுவும் இருக்காது.

உதிரிபாகக் கணக்கு எளிமையானது. ஆனால் இதில்தான் அதிகம் கோட்டைவிடுகிறோம். மாதம் இரண்டு ராடார் பெட்டிகள் பழுதாகின்றன என்று வையுங்கள். பிரான்சுக்கு அனுப்பித் திரும்பி வர 9 மாதம் ஆனால், எப்போதும் 18 பெட்டிகள் வழியிலேயே கிடக்கும். அவ்வளவையும் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும். இங்கேயே 2 மாதத்தில் சரிசெய்ய முடிந்தால் 4 போதும். பெட்டியை மாற்றத் தெரிவது ஒரு திறன். பெட்டிக்குள் இருக்கும் மின்னணு அட்டையைப் பழுதுபார்ப்பது வேறு திறன். இரண்டாவதுக்கான சோதனைக் கருவியும் ஆவணமும் இல்லாத 'தொழில்நுட்பப் பரிமாற்றம்' வெறும் ஸ்குரூடிரைவர் வேலை. ரஃபேலின் எம்88 என்ஜின் 21 தொகுதிகளாகப் பிரியக்கூடியது. முழு என்ஜினைச் சேமித்து வைப்பதைவிட, அடிக்கடி தேயும் தொகுதிகளைச் சேமிப்பது மலிவு.

அடுத்தது மென்பொருள். ஊடகங்களில் 'சோர்ஸ் கோடு (மென்பொருளின் மூல நிரல்) முழுவதும் கொடு' என்கிறார்கள். எந்த நாடும் கொடுக்காது. அதைக் கேட்டு மாதங்களை வீணடிக்க வேண்டாம். நமக்கு வேண்டியது வேறு. வானிலிருந்து வான் இலக்கைத் தாக்கும் நம் அஸ்திரா ஏவுகணையை மாட்டுவதென்றால் வேலை இறக்கைக் கொக்கியோடு முடிவதில்லை. முதலில் சுமந்து பறந்து அதிர்வு பார்க்க வேண்டும். பிறகு விடுவித்துப் பார்க்க வேண்டும். கடைசியில் இலக்கு நகர்ந்த விவரத்தை, ஏவிய பிறகும் விமானத்தின் ராடார் ஏவுகணைக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கடைசிப் படியில் ராடாரும் பணிக்கணினியும் (கருவிகளையும் ஆயுதங்களையும் இயக்கும் விமானத்தின் மையக் கணினி) நம் ஆயுதத்தோடு பேசாவிட்டால், ஒவ்வோர் ஆயுதத்துக்கும் பாரிஸ் சொல்லும் விலை, பாரிஸ் சொல்லும் காலம். சுகோயில் இந்தத் தொல்லை குறைவாக இருந்ததற்குக் காரணம், 'வெற்றிவேல்' திட்டத்தில் பணிக்கணினியை நாமே செய்துகொண்டதுதான் (யார் வைத்த பெயரோ, பலித்தது). தஞ்சாவூரில் நிற்கும் சுகோய் இரண்டரை டன் பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமப்பதற்குப் பின்னால் அந்த உழைப்பும் இருக்கிறது.

எனவே இடைமுக ஆவணங்கள் (நம் கருவிகளை விமானத்தோடு இணைக்கும் முறையை விளக்குபவை), பணிக்கணினியில் நம் ஆயுதங்களுக்கென ஒரு தனிப் பகுதி, ஆண்டுதோறும் இத்தனை மென்பொருள் பதிப்புகள் என்ற உரிமை ஆகியவற்றைக் கேளுங்கள். ரஃபேலின் ஸ்பெக்ட்ரா மின்னணுப் போர்க்கருவியின் அச்சுறுத்தல் நூலகத்தை (எதிரி ராடார்களை அடையாளம் காண உதவும் தரவுத் தொகுப்பு) இந்தியர்களே இந்தியாவில் நிரப்பி ஏற்ற வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இல்லையென்றால் எதிரியின் ராடார் பற்றி நாம் திரட்டியதையெல்லாம் இன்னொரு நாட்டின் மேசையில் வைக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, பொறுப்பு யாருடையது? இதற்குமுன் நடந்த 126 ரஃபேல் பேரம் முறிந்ததற்கு ஒரு காரணம், அரசு விமான நிறுவனமான எச்ஏஎல் கட்டவிருந்த 108 விமானங்களுக்கு டஸ்ஸோ பொறுப்பேற்க மறுத்தது. பிரான்சில் ஆகும் உழைப்பு மணிநேரத்தைப்போல் 2.7 மடங்கு இங்கே ஆகும் என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது. இப்போது உடற்பகுதி ஹைதராபாத்தில் டாடாவிடம். மற்ற பாகங்கள் இன்னும் பல கைகளில். இணைப்பில் மில்லிமீட்டர் பிசகினால் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். இங்கே கட்டுவதற்கும் சேர்த்து ஒரே உத்தரவாதி டஸ்ஸோதான் என்று எழுதி வாங்காமல் முன்பணம் போகக் கூடாது.

பிரான்சுடனான 2008இன் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தைக் காட்டி எல்லாவற்றையும் மூடி வைக்க வேண்டாம். தயார்நிலையின் வரையறை, பழுதுபார்ப்புக் கால வரம்பு, பொறுப்புச் சரத்து, இவை மூன்றும் எதிரிக்கு எந்த உதவியும் செய்யாதவை. கையெழுத்துக்கு முன் இவற்றை நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவின் முன் வையுங்கள்.

இப்படிக்கு,
பாதுகாப்புக் கொள்முதலைத் தொடர்ந்து கவனித்துவரும் சிலர்