வளர்ந்தது குடல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஆய்வகத்தில் வளர்ந்தது குடல்' என்று உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்துவிட்டு, பெருங்குடல் புண்ணால் பல வருடமாக அவதிப்படும் என் பெரியம்மா காலையிலேயே போன் செய்தார். "நீ இதைத்தானேடி வளர்க்கிற? எனக்கு ஒண்ணு வெச்சுவிட மாட்டாங்களா?" என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

ஆறு வருடமாக எனக்கு இதே வேலைதான். நாங்கள் வளர்ப்பதற்கு ஆர்கனாய்டு என்று பெயர். அரை மில்லிமீட்டர் வந்துவிட்டால் பெரிசு. ரத்தக்குழாய், நரம்பு, தசை எதுவும் அதில் கிடையாது. குடலின் உட்சுவர்ப் படலம் மட்டும்தான். 2009-இல் நெதர்லாந்தில் டோஷிரோ சாட்டோவும் ஹான்ஸ் கிளெவர்ஸும் எலிக் குடலின் ஒற்றை ஸ்டெம் செல்லிலிருந்து, அதாவது பிரிந்து பிற செல்களைத் தரும் மூலச் செல்லிலிருந்து, இதை வளர்த்துக் காட்டினார்கள். செல்களை ஒரு ஜெல்லுக்குள் வைத்துத்தான் வளர்க்கிறோம். அந்த ஜெல்லைப் பனிக்கட்டி மேலேயே வைத்துக் கையாள வேண்டும், கொஞ்சம் சூடேறினாலும் கெட்டியாகிவிடும். ஒருமுறை நான் கொஞ்சம் நிதானமாக இருந்துவிட்டேன். உறிஞ்சி எடுக்கும் பிப்பெட் குழாயிலேயே கெட்டியாகி ஒரு வார வேலை போனது.

உங்கள் செய்தி விட்டுவிட்ட விஷயம்தான் சுவையானது. நம் குடலின் உட்படலம் மூன்று முதல் ஐந்து நாளில் புதிதாகிறது. அந்தப் படலத்தில் இருக்கும் நுண்ணிய குழிகளின் அடியில் உள்ள ஸ்டெம் செல் பிரிந்துகொண்டே இருக்கிறது. அதன் வாரிசுகளில் ஒன்று உணவை உறிஞ்சப் போகிறது, ஒன்று சளி சுரக்கப் போகிறது, இன்னொன்று ஹார்மோன் சுரக்கப் போகிறது. யார் எதுவாவது என்பது எப்படி முடிவாகிறது? உடம்புக்குள் அதைப் பார்ப்பது கஷ்டம், தட்டில் பார்க்கலாம். அடுத்தடுத்த செல்கள் ஒன்றுக்கொன்று தரும் நாட்ச் என்ற சமிக்ஞையை மருந்தால் தடுத்தால் சளி செல்கள் பெருகுகின்றன. போன மாதம் மனிதக் குடல் செல்கள் இருந்த ஒரு தட்டில் மட்டும், ஸ்டெம் செல்லை ஸ்டெம் செல்லாகவே வைத்திருக்கும் வின்ட் என்ற புரதத்தை நிறுத்தினேன். ஐந்தே நாளில் மெல்லிய குமிழிபோல் இருந்த ஆர்கனாய்டுகள் சுவர் தடித்துக் கறுத்துவிட்டன, அதாவது முதிர்ந்த செல்களாக மாறத் தொடங்கிவிட்டன. பக்கத்துத் தட்டில் வின்ட் கிடைத்தவை அப்படியே பளபளவென்று இருந்தன.

சிகிச்சைப் பக்கமும் ஒன்றும் இல்லாமல் இல்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது நுரையீரலிலும் குடலிலும் சளி கெட்டியாகும் பரம்பரை நோய். அந்த நோயாளியின் மலக்குடல் துணுக்கில் வளர்த்த ஆர்கனாய்டு மருந்து பட்டதும் வீங்குகிறதா என்று பார்த்து, அந்த மருந்து அவருக்குக் கேட்குமா என்று கணிக்கிறார்கள். 2022-இல் ஜப்பானில் பெருங்குடல் புண் நோயாளி ஒருவருக்கு, அவருடைய செல்களிலேயே வளர்த்த ஆர்கனாய்டைக் குடலில் வைத்தார்கள். ஆனால் அது புண்ணுக்கு ஒட்டுப் போடும் முயற்சி, புதுக் குடல் அல்ல. பெரியம்மாவிடமும் கடைசியில் இதைத்தான் சொன்னேன். "அப்போ தலைப்புல ஏன் அப்படிப் போட்டான்?" என்றார்.

அடுத்த முறை படத்துக்குக் கீழே அதன் அளவையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒரு வாசகி