தோசையில் ஒற்றிய எண்ணெய்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தோசையில் இருக்கிற எண்ணெயைப் பேப்பரில் ஒற்றி எடுத்த பிறகுதான் பாப்பா சாப்பிடுகிறாள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நெஞ்சு அடைத்துப்போனது. உன் பாப்பாவைப் போலவே ஓட்டப் பயிற்சிக்குப் போகிற என் பெரியவளும் இப்படித்தான் ஆரம்பித்தாள்.

1500 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தாள். "ரெண்டு கிலோ குறைச்சா இன்னும் வேகமா ஓடலாம்" என்று கோச் ஒருநாள் சொன்னார். முதலில் இனிப்பு போனது, பிறகு சோறு. மாவட்டப் போட்டியில் ஜெயித்தபோது வீடே கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. ஐந்து மாதம் மாதவிலக்கு வரவில்லை. ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். கடைசியில் கால் எலும்பில் விரிசல்.

டாக்டர் சொல்லித்தான் புரிந்தது. ஓட்டத்துக்குச் செலவாகிற அளவு சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உடம்பு மாதவிலக்கை நிறுத்தி மிச்சம் பிடிக்கப் பார்க்குமாம். ஹார்மோன் குறைந்து எலும்பு பலமிழக்கும், அதுவும் எலும்பு உரமேற வேண்டிய வயதில். ஆண் பிள்ளைகளுக்கும் இந்தச் சத்துப் பற்றாக்குறை வரும். அமெரிக்காவின் மேரி கெயின் 17 வயதிலேயே உலகப் போட்டியில் ஓடியவள். எடையைக் குறை என்ற நெருக்கடியில் மூன்று வருடம் மாதவிலக்கு நின்று, ஐந்து எலும்புகள் முறிந்ததாக 2019-ல் அவளே வெளியே சொன்னாள்.

பாப்பாவுக்கு மூன்று மாதமாக வரவில்லை என்கிறாய். இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போ. மனநல டாக்டரையும் பார்க்கச் சொன்னால் தயங்காதே. ஊர் பேசினால் பேசட்டும். அதுவரை ஓட்டம் வேண்டாம் என்று கோச்சிடம் நீயே சொல்லிவிடு, அவளைச் சொல்ல வைக்காதே.

எடை மிஷினை வீட்டைவிட்டே அனுப்பு. "இளைச்சுட்டே", "பூசினாப்பல இருக்கே", இரண்டையுமே யாரும் சொல்லக்கூடாது, பாட்டி உட்பட. தட்டுக்கு முன்னால் சண்டையும் வேண்டாம். நான் அழுதேன், கெஞ்சினேன், திட்டினேன். அவள் சோற்றைத் துணிக்குள் ஒளித்துவைக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு டாக்டர் சொன்னபடி, நேரத்துக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தட்டில் இருப்பதையே நானும் சாப்பிட்டு, வேறு கதை பேசினேன். தேற ஒன்றரை வருடம் ஆனது.

நேற்றுக் காலை பயிற்சி முடிந்து வந்தவள், அடுப்படியில் நின்றபடியே நாலு இட்லி சாப்பிட்டாள். நான் திரும்பிப் பார்க்காமல் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். பாப்பாவிடம் அவள் பேசட்டும். நாம் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்திருப்போம்.

உன்,
வசந்தி