நடை மட்டும் போதாது, அம்மா

டுனெடின், நியூசிலாந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

இங்கே ஜூலைதான் நடுக்குளிர்காலம். விடியற்காலையில் நடைபாதையெல்லாம் உறைபனி படிந்து பாசி பிடித்த படித்துறை மாதிரி வழுக்கும். ஊரும் மேடும் பள்ளமுமானது. உலகத்திலேயே செங்குத்தான தெரு என்று பேர் வாங்கிய பால்ட்வின் தெரு இங்கேதான் இருக்கிறது. இந்த ஊரில் எண்பது வயதுப் பாட்டிகள் பலர் தனியாகவே குடித்தனம் நடத்துகிறார்கள். ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்தச் சுதந்திரம் போய்விடும். அதனால் விழாமல் இருப்பதற்கென்றே பயிற்சி செய்கிறார்கள்.

அந்தப் பயிற்சி முறை பிறந்ததும் இங்குள்ள ஒடாகோ பல்கலைக்கழகத்தில்தான். 1997இல் வெளியான முதல் ஆய்வே 80 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களை வைத்துச் செய்தது. பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, விழுவது ஏறத்தாழ 35 சதவீதம் குறைந்திருந்தது.

"தினமும் மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடக்கிறேனே, போதாதா?" என்று போனில் கேட்டாய். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நடை நல்லது, விடாதே. ஆனால் கால் தடுக்கும்போது உன்னைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசையும் உடம்பின் சமநிலையும். சமதளத்தில் நடப்பதால் இரண்டும் பெரிதாக வளராது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவதை நீ விட்டதிலிருந்து தொடைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்றுகிறாயே, அது அதன் அடையாளம்தான்.

அங்கிருந்தே தொடங்கு. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், பின்னால் நழுவும். மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடு. முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வை. மூக்கு முட்டிக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழு. பலருக்கு எழ முடியாததற்கு இந்தச் சாய்வு இல்லாததும் ஒரு காரணம். முதலில் இரண்டு கையும் ஊன்றி ஐந்து முறை. பழகிய பின் ஒரு கை. அப்புறம் கையே இல்லாமல் பத்து முறை. உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்கு. தசைக்கு அதுவும் வேலை.

அடுத்து, உட்கார்ந்தபடி ஒரு காலை நீட்டு. இரண்டு மூன்று விநாடியில் மேலே, நான்கைந்து விநாடியில் கீழே. மூச்சை அடக்காதே, ரத்த அழுத்தம் ஏறும். இரண்டு சுற்று, சுற்றுக்குப் பத்து என்று சுலபமாக வந்ததும் கணுக்காலில் எடை கட்டலாம். துணிப்பையில் அரைக் கிலோ மணல் போட்டுத் தைத்தால் போதும்.

சமநிலைக்குச் சமையல் மேடையைப் பிடித்து நின்று, ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரல்களைத் தொடும்படி வை. பத்து விநாடி. தடுமாற்றம் நின்ற பிறகு பிடியைத் தளர்த்து. கொஞ்சமாவது ஆட்டம் இருந்தால்தான் உடம்பு கற்றுக்கொள்ளும். கெட்டியாகப் பிடித்துக்கொண்டே நின்றால் பலன் இல்லை. ஈரத் தரை, சாக்ஸ் இரண்டும் கூடாது. புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொள்.

மொத்தம் அரை மணி நேரம், வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. முதல் வாரம் தொடை கனத்து வலிக்கும், பயப்படாதே. மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சு இறுக்கினாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் செய்யாதே. சில மாத்திரைகளுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். உன்னுடையது அந்த வகையா என்று தொடங்குமுன் கேட்டுக்கொள்.

அண்ணனிடம் சொல்லி, குளியலறையில் சுவரில் ஒரு இரும்புக் கைப்பிடி அடித்துத் தரச் சொல். துண்டு போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. அடுத்த ஞாயிறு வீடியோவில் பேசும்போது நாற்காலியைப் பக்கத்தில் போட்டு வை. நீ எழுவதைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு மகள்