மூன்றாவது பாட்டைப் பற்றி

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய மூன்று பாடல்களையும் முதலில் ஒலிபெருக்கியிலும் பிறகு ஹெட்ஃபோனிலும் கேட்டேன். இரண்டாவது பாட்டில் உன் குரலும் உன்னோடு வாசிப்பவரின் வயலினும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் பதிவானவை என்பது பல்லவியிலேயே தெரிந்துவிட்டது. நீ மூச்சு வாங்கும் இடத்தில் அவருடைய வில்லும் சற்றே தயங்கித் திரும்புகிறது. தனித்தனியாகப் பதிந்து பிறகு சேர்த்திருந்தால் அந்த இணக்கம் வந்திருக்காது. அவ்வளவு சிறிய அறையில் வயலின் உன் மைக்கில் ஏறாமல் இருப்பதைப் பார்த்தால், மைக்கின் முதுகுப்பக்கம் அவரை நோக்கியிருக்கும்படி வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன், ஏனெனில் கார்டியாய்ட் மைக் தன் பின்பக்கத்து ஒலியைத்தான் மிகக் குறைவாக வாங்கும். யாரும் சொல்லித்தராமல் நீயாகவே கற்றுக்கொண்டதை நினைத்து அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன்.

மூன்றாவது பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சரணத்துக்கு முன்னால் உன் குரல் ஓய்ந்திருக்கும் இடத்தில் தாளம் காட்டும் மெட்ரோனோமின் கிளிக் மெல்லக் கேட்கிறது. உன் காதில் இருக்கும் ஹெட்ஃபோனிலிருந்துதான் அது மைக்குக்குள் கசிந்திருக்க வேண்டும். காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோனிலிருந்தே அந்த அளவுக்கு வெளியே வருகிறதென்றால், உள்ளே எவ்வளவு சத்தம் வைத்திருக்கிறாய்?

இன்னொன்றும் உண்டு. சென்ற ஆண்டுப் பாட்டில் உன் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் மென்மையாக இருந்தன. இப்போது ஊசியாகக் குத்துகின்றன. பதிந்தவற்றைச் சேர்த்துச் சரிசெய்யும் மிக்ஸிங்கில் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள உயர்ந்த ஒலிகளை நிறைய ஏற்றியிருக்கிறாய். மைக்கும் மாறவில்லை, அறையும் மாறவில்லை என்று நீயே சொன்னாய். பிரகாசமாக இருக்கட்டும் என்று விரும்பியே ஏற்றியிருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீ பாதியில் போனை மற்றக் காதுக்கு மாற்றினாய். பாட்டி கேட்டது ஒன்று, நீ சொன்ன பதில் வேறொன்று. அதன் பிறகு நீ அழைக்கவும் இல்லை.

பெருஞ்சத்தத்தால் வரும் கேள்திறன் குறை பெரும்பாலும் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் முதலில் தெரியும். அமைதியான அறையில் எதிரே இருப்பவர் பேசுவது நன்றாகவே கேட்பதால், குறை இருப்பதே தெரியாமல் காலம் போய்விடும். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை. உன் சித்தப்பாவும் நன்றாகக் கேட்கிறது என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் 85 டெசிபெலுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பதால், 100 டெசிபெலில் 15 நிமிடம்தான். நீயோ இரவெல்லாம் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருக்கிறாய், களைத்த காதுக்குச் சத்தம் போதாமல் இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறாய்.

பாடும்போது உன் குரல் உனக்குக் கேட்கவில்லை என்றால் குரலை ஏற்றாதே. வயலினையும் கிளிக்கையும் இறக்கு. கணினி வழியாகக் குரல் தாமதமாகத் திரும்பி வருவதாலும் கை தானாக ஒலியளவைக் கூட்டப் போகும், ஆகவே பதியும்போது, கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 128 சாம்பிளுக்குக் குறைத்துக்கொள், அல்லது மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸிலிருந்தே நேரடியாகக் கேள். 24 பிட் துல்லியத்தில் பதிகிறாய் என்பதால் பதிவு மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெலில் நின்றாலும் எந்தக் குறையும் வராது. கத்திப் பாட வேண்டிய தேவையும் இல்லை. மிக்ஸிங்கைப் பகலில், ஒலிபெருக்கியில், பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசக்கூடிய சத்தத்தில் செய். மறுபடியும் சொல்கிறேன், குரலை ஏற்றாதே, மற்றவற்றை இறக்கு.

வீட்டில் அனைவரும் நலம். மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன்.

இந்த வாரத்துக்குள் காது மருத்துவரிடம் போய்க் கேள்திறன் பரிசோதனை செய்துகொள். முந்தைய நாள் பதிவு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதே. சத்தத்தால் தற்காலிகமாக மந்தமான காது உண்மையான அளவைக் காட்டாது. நான்காவது பாட்டை அதுவரை நிறுத்தி வை. வயலின் வாசிப்பவரிடம் காரணம் சொல்லச் சங்கடமாக இருந்தால் நானே பேசுகிறேன். பரிசோதனையின் வரைபடமான ஆடியோகிராம் கைக்கு வந்ததும், இரண்டு காதுகளின் கோடுகளும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து எனக்கு அனுப்பு. அப்பாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

அன்புடன்,
அம்மா