சர்வே எண்ணோடு வெள்ள வரைபடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் எத்தனை கிலோமீட்டர் தூர்வாரினார்கள், எத்தனை கிலோமீட்டர் மழைநீர் வடிகால் கட்டினார்கள் என்ற கணக்கு தவறாமல் செய்தியாகிறது. அதோடு இன்னொன்றையும் உங்கள் செய்தியாளர்கள் கேட்க வேண்டும்: இத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தால் இந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும்?

பதில் சொல்லக் கருவிகள் இல்லாமல் இல்லை. வெள்ள நீரோட்டத்தைக் கணக்கிடும் ஹெக்-ராஸ், ஸ்வம் ஆகிய மென்பொருள்கள் இலவசம். கல்லூரி மாணவர்களே பயன்படுத்துகிறார்கள். தேசியக் கடலோர ஆய்வு மையத்தின் சி-ஃபுளோஸ் வெள்ள எச்சரிக்கை அமைப்பு 2019-லேயே சென்னைக்கு வந்துவிட்டது. கால்வாயின் குறுக்குவெட்டு, தரைமட்டம், மழையளவு, கால்வாய் போய்ச் சேரும் இடத்தின் நீர்மட்டம் எல்லாவற்றையும் கொடுத்தால், தண்ணீர் எங்கே கரையை மீறும் என்று இந்தக் கணினி மாதிரிகள் கணக்கிட்டுச் சொல்லும். கொடுக்கிற அளவுகள் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கலே அங்கேதான். கால்வாயைக் கடக்கும் ஒரு சிறுபாலத்துக்கு அடியில் குனிந்து பாருங்கள். குடிநீர்க் குழாய் ஒன்று குறுக்கே போகும், பக்கத்தில் கேபிள் குழாய்கள். அவற்றில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பைகளும் சிக்கி, பாதி வாய் அடைந்திருக்கும். பாலத்தின் கட்டுமான வரைபடத்திலோ முழு வாயும் திறந்திருக்கிறது. கால்வாயின் பரப்பு தண்ணீரை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் குறிக்கும் மேனிங் சொரசொரப்பு எண்ணை, சுத்தமான கான்கிரீட் கால்வாய்க்கு 0.015 என்று போடுகிறோம். செடி மண்டினால் அது 0.03-ஐத் தாண்டிவிடும். அதாவது அதே சரிவில், அதே ஆழத்தில், பாதித் தண்ணீர்கூடப் போகாது. தரைமட்டத்தைக் காட்டும் செயற்கைக்கோள் உயரத் தரவில் சில மீட்டர் பிழை சகஜம். வேளச்சேரி போன்ற தட்டையான ஊரில் அரை அடி கூடக் குறைய இருந்தாலே தண்ணீர் வேறு தெருவுக்குப் போய்விடும்.

வீராங்கல் ஓடையையே எடுத்துக்கொள்வோம். ஆதம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அதன் வழியாகத்தான் வேளச்சேரியைக் கடந்து பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி, பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் கடல். சதுப்புநிலம் நிரம்பி, கடலும் ஏற்றத்தில் இருந்தால், மேலே ஓடையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் தண்ணீர் வடியாது. வடிகாலைத் துண்டு துண்டாக டெண்டர் விட்டுக் கட்டும்போது இந்தத் தொடர்பு யார் கணக்கிலும் வருவதில்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.

மாதிரி சரியா என்று சோதிக்க நல்ல சாட்சி மக்களிடம் இருக்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. 2023-இல் மிக்ஜாம் புயல். இரண்டிலும் தண்ணீர் நின்ற உயரம் பல வீட்டுச் சுவர்களில் கோடாகப் பதிந்தது. மிச்சமிருக்கும் கோடுகளும் பெயின்ட்டில் மறைவதற்குள் சர்வேயரை அனுப்பி லெவல் எடுக்க வேண்டும்.

கடன் வாங்கி மனை வாங்குபவர் பட்டா பார்க்கிறார், வில்லங்கச் சான்று பார்க்கிறார். அவற்றில் வெள்ளம் பற்றி ஒரு வரியும் கிடையாது. சர்வே எண்ணைத் தட்டினால், நூற்றாண்டு வெள்ளத்தில் அந்த மனையில் எவ்வளவு ஆழம் நிற்கும் என்று தெரிய வேண்டும். நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அது வர ஏறத்தாழ 26 சதவீதம் வாய்ப்பு உண்டு.

மனை விலை விழுந்துவிடும் என்பார்கள். விழட்டும். இப்போது அந்த நஷ்டத்தை விவரம் தெரியாமல் வாங்கியவரும் தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவரும் சுமக்கிறார்கள். வெள்ளம் பரவும் தாழ்நிலத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று வகைப்படுத்த மத்திய அரசு மாதிரி மசோதாவை மாநிலங்களுக்கு அனுப்பியது 1975-இல். மணிப்பூரும் ராஜஸ்தானும் எப்போதோ சட்டம் இயற்றிவிட்டன.

முதலில் வீராங்கல் ஓடைக்கு மட்டும் செய்தால்கூடப் போதும். வரைவு வரைபடத்தை வார்டு ஏரியா சபைக் கூட்டத்தில் விரித்து வையுங்கள். எந்த இடத்தில் கணக்கு தவறுகிறது என்று அங்கே குடியிருப்பவர்கள் விரல் வைத்துக் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர்,
வேளச்சேரி, சென்னை – 42