கொண்டை போட்ட கிழவன் ஒழுக்கம் கெட்டவனா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். நாகர்கோவில் வேப்பமூடு பக்கமும் வடசேரி பேருந்து நிலையத்திலும் தலை நரைத்த ஆண்கள் சிலர் முடியை நீளமாக வளர்த்துக் கொண்டை போட்டுத் திரிகிறார்கள், பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது, பெரியவர்களே இப்படி இருந்தால் பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் முடி வெட்டு என்று எந்த வாயால் சொல்வது என்று கேட்டிருந்தார். அவர் பார்த்த ஆட்களில் நானும் ஒருவனாக இருக்கலாம். வாரம் இரண்டு நாள் வடசேரியில்தான் பஸ் மாறுகிறேன். அதனால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான் என்று நினைத்து எழுதுகிறேன்.

எனக்கு 64 வயது. தக்கலைக்குப் பக்கத்து ஊர். முப்பது வருடத்துக்கு மேல் தமிழாசிரியராக வேலை பார்த்துவிட்டு 2019-இல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருடம் மார்ச்சில் ஊரடங்கு வந்தது, சலூன் எல்லாம் பூட்டினார்கள், எல்லா ஆண்களுக்கும் போல எனக்கும் முடி காதை மூடியது. கடை திறந்த பிறகு போய் உட்கார்ந்தேன். இருபது வருடமாக எனக்கு முடி வெட்டுகிறவர் துணியைப் போர்த்திவிட்டு, எவ்வளவு எடுக்கணும் சார் என்று கேட்டார். இத்தனை வருடமும் அவர் அப்படிக் கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை, வாத்தியார் வெட்டு என்று ஒன்று இருந்தது, அதை வெட்டிவிடுவார். அன்றைக்கு அவர் கேட்டதும்தான் என் தலைமுடியைப் பற்றி எனக்கே ஒரு விருப்பம் இருப்பது தெரிந்தது. நுனியை மட்டும் சரி பண்ணுங்க போதும் என்றேன். அவ்வளவுதான் கதை.

இடுப்பு வரைக்கும் வளரும் என்று ஓர் ஆசை இருந்தது. வளரவில்லை, தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் நின்றுவிட்டது. தோல் டாக்டர் ஒருவர்தான் விளக்கிச் சொன்னார். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும், ஆனால் ஒவ்வொரு முடிக்கும் வளரும் பருவம் என்று 2 முதல் 6 வருடம்தான் உண்டு, அது முடிந்ததும் உதிர்ந்து அதே இடத்தில் புதிதாக முளைக்கும், வயது ஏற ஏற அந்தப் பருவம் குறுகிப் போகும், முடியும் மெலியும். ஒரு நாளைக்கு 50, 100 முடி கொட்டுவது சாதாரணம் என்றும் சொன்னார். சீப்பில் வரும் முடியைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த எனக்கு அது பெரிய ஆறுதல். எனக்கு முன்மண்டையில் வழுக்கை ஏறிவிட்டது, பிடரியில் மட்டும் அடர்த்தியாக நிற்கிறது. வழுக்கைக்குக் காரணமான ஹார்மோன் உச்சியையும் நெற்றிப் பக்கத்தையும்தான் பிடிக்குமாம், பிடரியை விட்டுவிடுமாம், முடி மாற்றுச் சிகிச்சைக்கு அங்கிருந்து எடுத்து நடுவது அதனால்தான். முன்னால் இல்லையே, பின்னால் மட்டும் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், இருக்கிற இடத்தில்தானே வளர்க்க முடியும்.

சரி, வளர்த்ததால் யாருக்கு என்ன கெட்டுப்போனது? கேள்விகள்தான் வந்தன. "என்ன சாரே, நேர்ச்சையா?" இதுதான் முதல் கேள்வி. சபரிமலைக்கா, திருச்செந்தூருக்கா, வேளாங்கண்ணிக்கா என்று அடுத்து. ஒன்றுமில்லை என்றால் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதாச்சும் பிரச்சனையா?" சாமியாராகப் போகிறேனா என்று என் சொந்த மச்சானே என் மனைவியிடம் கேட்டிருக்கிறான். நம் ஊரில் ஆண் முடி வளர்க்க ஒரு காரணம் இருந்தாக வேண்டும். சாமிக்கு வளர்க்கலாம், மனைவி உண்டாகியிருந்தால் வெட்டாமல் விடலாம், வீட்டில் சாவு விழுந்தால் ஷேவ் பண்ணாமல் இருக்கலாம், சினிமாக்காரன் என்றால் எப்படியும் இருக்கலாம். எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒரு சாதாரண மனுசன், அதுவும் அறுபது தாண்டியவன் சொன்னால் மட்டும் யாருக்கும் பதிலாகப் படுவதில்லை. மகளுக்குச் சம்பந்தம் பேச வந்த அன்றைக்கு முந்தின நாள் வெட்டிவிடுங்கள் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நான் மாட்டேன் என்றேன், மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், சாப்பிட்டார்கள், சம்பந்தமும் முடிந்தது. என் முடியைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அசிங்கம் என்று எழுதியிருந்தாரே, அதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குட்டை முடி வைத்திருந்த காலத்தில் நான் தலைக்கு எண்ணெய் தேய்த்தது தீபாவளிக்கு ஒரு நாள். இப்போது வாரம் இரண்டு நாள், தேங்காய்ப்பால் காய்ச்சி எடுத்த எண்ணெயைத் தேய்த்து முக்கால் மணி நேரம் ஊறவிட்டு, வேலியில் நிற்கிற செம்பருத்தி இலையைப் பறித்துத் தண்ணீரில் கசக்கித் தாளி என்கிற வழவழப்பான சாறு எடுத்துத் தலைக்குத் தேய்த்துக் குளிக்கிறேன். தாளியைத் துணியில் வடிகட்டாவிட்டால் இலைத் துணுக்கு முடியெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க உதிரும், அனுபவத்தில் சொல்கிறேன். ஈர முடியைச் சீவக் கூடாது, நனைந்த முடி இழுபட்டு அறும். துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, காற்றில் உலர விட்டு, பல் அகலமான மரச்சீப்பால் நுனியிலிருந்து சிக்கு எடுத்துக்கொண்டே மேலே போக வேண்டும். எல்லோரும் உச்சியிலிருந்து இழுப்பார்கள், அப்போது சிக்கு இறுகும். ஈரத்தோடு கட்டினால் வாடை வரும், பொடுகும் வரும், நம்மூர் மழைக்காலத்தில் அது காயவே பாதி நாள் ஆகும். நரைமுடி கருமுடியைவிடச் சீக்கிரம் வறண்டு போவதால் கடல்காற்று பட்டால் வைக்கோல் மாதிரி ஆகிவிடும், ஆகவே முட்டம், குளச்சல் பக்கம் போனால் துண்டைத் தலையில் கட்டிக்கொள்வேன். ரப்பர் பேண்ட் போட்டால் முடி அறுந்து வரும், துணிப் பட்டைதான் நல்லது. நெடுநாள் இறுக்கி இழுத்துக் கட்டினால் நெற்றி ஓரத்தில் வேரே வலுவிழந்து நிரந்தரமாக வழுக்கை விழலாம், இது பெண்களுக்கும்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்றில் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அவிழ்ந்த முடியோடு ஓட்ட முடியாது. கொண்டையைப் பிடரிக்குக் கீழே தாழ்த்திப் போட்டால்தான் ஹெல்மெட் சரியாக உட்காரும். இத்தனையும் செய்கிறவன் அழுக்கா, யோசித்துப் பார்க்கட்டும்.

இது எங்கிருந்தோ வந்த நாகரிகம் என்றும் எழுதியிருந்தார். என் பாட்டாவுக்குக் கட்டுக்குடுமி. அவருக்கு வர்மம் தடவிய ஆசானுக்கும் குடுமிதான். பாட்டா குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடியை விரித்துப் போட்டு உலர்த்துவார், நாங்கள் பிள்ளைகள் பக்கத்தில் விளையாடுவோம், யாரும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. பழந்தமிழில் பெண்ணின் முடிக்குக் கூந்தல் என்றால் ஆணின் முடிக்குக் குஞ்சி என்று தனிச்சொல், பித்தை, ஓரி என்று இன்னும் உண்டு. ஒரு பாண்டிய மன்னனுக்கே முதுகுடுமி என்று பெயர். இல்லாத ஒன்றுக்கு இத்தனை பெயர் வைப்பார்களா? கிராப்பு வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. மதம் மாறியவர்கள் குடுமியை எடுத்தாக வேண்டுமா என்று 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகளுக்குள்ளேயே பெரிய தகராறு நடந்தது, பக்கத்துத் திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் இருந்த கால்டுவெல், குடுமி மதச் சின்னம் இல்லை, இந்த நாட்டார் வழக்கம்தான், அதை விட்டுவிடுங்கள் என்று வாதாடி எழுதினார். வெளியிலிருந்து வந்த பாதிரியாருக்குப் புரிந்த விஷயம் இது.

உடனே வள்ளுவரைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்துவார்கள், தமிழ் வாத்தியாருக்கே குறள் சொல்லித் தருவார்கள். மழிக்கவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம் என்று அவர் சொன்னது கூடாவொழுக்கம் அதிகாரத்தில், உள்ளுக்குள் தப்பை வைத்துக்கொண்டு வெளியே துறவி வேடம் போடுகிறவனுக்கு. நீட்டுவதைச் சொன்ன அதே வாயால் மொட்டை அடிப்பதையும் சேர்த்துத்தான் சொன்னார், முடி அளவில் ஒழுக்கம் இல்லை என்பதுதான் அங்கே பொருள். 2000 ஜனவரி 1-ஆம் தேதி திறந்த 133 அடிச் சிலையைக் கன்னியாகுமரியில் போய்ப் பாருங்கள், நம் மாவட்டத்திலேயே பெரிய கொண்டை அதில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யார் உடம்பில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று அடுத்தவன் தீர்மானித்த மண் இது. பெண்கள் தோளில் துணி போடப் போராடிய பிறகு 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசு ஓரளவு இறங்கி வந்தது. தலையில் துண்டு கட்டவே தடை இருந்த மக்களிடம் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடுங்கள் என்று சொன்னவர் சாமித்தோப்பு அய்யா வைகுண்டர். அந்தப் பாடுகளோடு என் கொண்டையை ஒப்பிடவில்லை, ஒப்பிட்டால் பாவம். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு அடுத்தவன் தலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல இவ்வளவு அவசரம் வரக் கூடாது என்று நினைக்கிறேன்.

போன வருடம், ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கிற நேர்காணலுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்த ஊழியர், என் மகன் வயதுதான் இருக்கும், ஓய்வூதியப் புத்தகத்தில் இருந்த பழைய போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆள் மாதிரியே இல்லையே, முடியை வெட்டிட்டு வாங்க என்றார். ஆதார் காட்டினேன், கைரேகை வைக்கிறேன் என்றேன், கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முப்பது வருடம் அரசாங்கத்துக்கு வேலை பார்த்துவிட்டு நான் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க முடி வெட்ட வேண்டுமா? மறுநாள் வேறோர் அதிகாரி இருந்தார், இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அன்று வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு அந்த ஊழியர் மேல் வந்த கோபம் கொஞ்ச நேரம்தான் நின்றது. அதற்குப் பின் வந்தது வேறொரு ஞாபகம், இந்தக் கடிதத்தை எழுத வைத்ததும் அதுதான்.

1998-இல் நான் கடலோரப் பள்ளி ஒன்றில் இருந்தேன். எட்டாம் வகுப்பில் ஒரு பையன் கழுத்து மறைய முடி வளர்த்திருந்தான். இரண்டு முறை வெட்டச் சொன்னேன், வெட்டவில்லை, ஏன் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒரு நாள் காலை பிரார்த்தனையில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அவனை அழைத்து, மேசையில் இருந்த காகிதம் வெட்டுகிற கத்தரியால் பிடரி முடியை நானே வெட்டினேன். அவன் அழவில்லை. மறுநாள் அவன் அம்மா வந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவன் அப்பா கடலுக்குப் போய் மூன்று நாள் கரை திரும்பாமல் இருந்து வந்து சேர்ந்ததற்கு நேர்ந்துகொண்ட முடி அது, செப்டம்பரில் வேளாங்கண்ணிக்குக் கொண்டுபோய் எடுக்க வைத்திருந்தோம் சாரே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பையன் அதற்கப்புறம் வருடம் முடியும்வரை என் வகுப்பில் வாய் திறக்கவில்லை, வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பான், அவ்வளவுதான்.

நேர்ச்சை என்று தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அலுவலக வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. நேர்ச்சை இல்லாமல் வெறும் ஆசைக்காக அவன் வளர்த்திருந்தாலும் அதில் கத்தரி வைக்க எனக்கு உரிமை கிடையாது. மன்னிப்புக் கேட்கலாம் என்று அவன் ஊருக்குப் போனேன். சுனாமிக்குப் பிறகு அந்தத் தெருவே இடம் மாறியிருந்தது, அந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அவனுக்கு இப்போது நாற்பது வயது இருக்கும்.

ஆகவே வாசகர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். பையன்களிடம் முடி வெட்டு என்று எந்த வாயால் சொல்வது என்றால், சொல்ல வேண்டாம். சுத்தமாக வை, கண்ணில் விழாமல் கட்டு, லேப்பில் பர்னர் பக்கம் போகும்போது முடிந்துகொள் என்று சொல்லுங்கள், அது ஆசிரியர் வேலை. அதற்கு மேல் வெட்டுவதும் வளர்ப்பதும் அவனும் அவன் வீட்டாரும் பார்த்துக்கொள்வார்கள். ஓய்வூதிய அலுவலகங்களில் போட்டோ பழசாகிவிட்டது என்றால் புதுப் போட்டோ வாங்கி ஒட்டுங்கள், அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இன்றைக்கும் காலைப் பிரார்த்தனையில் கத்தரியோடு நிற்கிற ஆசிரியர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள் என்று என் பழைய மாணவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் சுருக்காமல் வெளியிடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.